உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்குகள்: வயர் பூட்டும் முறையும் பேணும் முறையும்

பயிரை விளைவித்தல் கமக்காரனது வேலையிற் பாதியே. விளைந்ததைச் சேதமின்றிச் சந்தை சேர்த்து, சென்றவர் சுகமாக வீடு திரும்புதல் மற்றப் பாதியாகும். முதற் பாதியைப் பற்றி இவ்வரிசையில் வெளிவந்த பிரசுரங்கள் பல. இரண்டாம் பாதியில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு காரியத்தைப் பற்றி இங்கு கூறப்படும். உழவு இயந்திரத்தின் பின்னே இழுக்கப்படும் பெட்டிக்கு விளக்கு வயர் பூட்டுவதே அக்காரியம்.

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் இருள் சூழுமுன் வண்டியின் அச்சின் கீழே அரிக்கன் விளக்கொன்றைத் தொங்கவிடுவர். தம் வழியைக் காண்பதற்கு மாத்திரமன்று. பின்னால் வருபவன் தம்மைக் காண்பதற்குமே அவர் அதைத் தொங்கவிட்டனர். மாடு போய் இயந்திரம் வந்தபோது அந்த விளக்கு மாத்திரம் பல பெட்டிகளில் வராமற் போயிற்று. உழவு இயந்திரத்துக்கு முன்விளக்கு இருக்கின்றது. ஆயினும் அதன் பின்னே நெடுந்தூரம் நீண்டு வரும் பெட்டி இருளிலே மறைந்து கிடக்கின்றது.

பின்விளக்கு ஏன் அவசியம்?

கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காயம், மிளகாய், பீற்றூட், உருளைக்கிழங்கு ஆகியன தோட்டங்களிலிருந்து நுரைச்சோலைச் சந்தைக்கும், பாலாவி வழியாகத் தம்புள்ளை, கொழும்பு ஆகிய இடங்களுக்கும் செல்கின்றன. பகல் வெயிலிற் காய்கறி வாடுமென்று கமக்காரர் மாலையிலே மூடை கட்டி, இரவிலோ விடியுமுன்னரோ பெட்டியை வீதியில் இறக்குகின்றனர். ஆனமடுவ, கருவலகஸ்வெவ முதலிய நெற்பிரதேசங்களிலும் அறுவடைக் காலத்தில் இரவு வேளையிலேயே நெல் மூடைகள் களத்திலிருந்து வீடு சேர்கின்றன. அதே வீதியில் லொறிகளும் பஸ்களும் ஓடுகின்றன. ஆகஸ்ட் மாதத்தில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வருபவர்களின் வாகனங்களும் இவ்வழியே இரவு பகலாகச் செல்வதை நீங்கள் அறிவீர்கள்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். சாரதி தடையைக் கண்டு, அதை உணர்ந்து, பிறேக்கை மிதிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் ஆகுமெனக் கொள்வோம். அதற்குள் வாகனம் 25 மீற்றர் கடந்துவிடும். உலர்ந்த வீதியில், நல்ல பிறேக் இருப்பினும், அது நிற்பதற்கு மேலும் 28 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 53 மீற்றர். எதிரே வருபவருக்காக முன்விளக்கைத் தாழ்த்தி வரும் சாரதிக்கு, சேறும் புழுதியும் படிந்த பெட்டி பெரும்பாலும் 50 மீற்றருக்குள் வந்த பின்னரே தென்படும். ரயர் காற்றுப் போய் வீதியோரத்தில் நிற்கும் பெட்டியாயின் முடிவு என்னவென்று நாம் சொல்லவேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லொறிக்கும், மழை நனைத்த வீதிக்கும், மணல் படிந்த வீதிக்கும் இந்தத் தூரம் இன்னும் கூடும்.

பின்விளக்கு ஒழுங்காக எரியுமாயின் அதே சாரதி சில நூறு மீற்றருக்கு அப்பாலேயே முன்னால் ஒன்று செல்கின்றது என்பதை அறிந்து வேகத்தைக் குறைப்பான். 53 மீற்றர் என்னும் கணக்கு அப்போது பொருட்டன்று.

மற்றுமோர் அபாயத்தையும் அவதானிக்க. இரு விளக்குகளுள் இடப்பக்க விளக்கு மாத்திரம் எரிந்து வலப்பக்க விளக்கு அணைந்திருப்பின், பின்னால் வருபவன் அதை ஒரு மோட்டார்ச் சைக்கிள் என்று எண்ணுவான். சைக்கிளை முந்துவதற்கு வேண்டிய அளவே வலப்பக்கம் ஒதுங்கி வருவான். இருளில் இருக்கும் பெட்டியின் வலது மூலை அவன்மீது மோதும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், முந்துபவன் எப்பொழுதும் பெட்டியின் வலப்பக்கமாகவே வருகின்றான். ஆகவே இரு விளக்குகளுள் ஒன்றேனும் எரிகின்றதே என்று திருப்தியடைதல் தகாது. வலப்பக்க விளக்கு எரியாத பெட்டி விளக்கில்லாத பெட்டிக்கு ஒப்பானதாகும்.

மாம்புரியில் விளக்கு ஏன் விரைவிற் கெடுகின்றது?

“போன வருடந்தான் வயர் பூட்டினேன், இப்போது எரியவில்லை” என்று கமக்காரர் பலர் முறையிடுவதுண்டு. இதற்குக் காரணம் வயர் பூட்டியவரின் கவனக்குறைவு மாத்திரமன்று, இடத்தின் இயல்புமாகும்.

மாம்புரிக்கு மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு. நடுவே ஒடுங்கிய மணல் நிலம். மே மாதம் தொடக்கம் செப்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஓயாது வீசுகின்றது. அக்காற்றின் பலத்தை அறிந்தே 2010ஆம் ஆண்டில் மாம்புரியில் மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலைகள் நிறுவப்பட்டன. காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று, கடல்நீரின் நுண்ணிய உப்புத் துளிகளையும் நமது பெட்டிகளின் மீது கொண்டுவந்து படிய வைக்கின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன்னிடத்தே வைத்துக்கொள்ளும். திறந்த வயர் முனையில் அது படியுமாயின் செம்பு பச்சை நிறமாகக் களிம்பேறும், இரும்பு துருப்பிடிக்கும். களிம்பும் துருவும் மின்னோட்டத்தைத் தடுப்பவை.

அன்றியும், அதே பெட்டியிலேயே உரமும் ஏற்றுகின்றோம். மியூரியேற்று ஒவ் பொற்றாஷ் என்னும் உரமும் ஒருவகைக் குளோரைட்டு உப்பே. கிழிந்த மூடையிலிருந்து சிந்திய உரம் பலகை இடுக்கினூடாக இறங்கி வயர் இணைப்பிற் படியுமாயின், கடற்காற்று ஒரு வருடத்திற் செய்யும் கேட்டை அது சில வாரங்களிற் செய்துவிடும். உள்நாட்டில் மூன்று வருடம் நிலைக்கும் சாதாரண வேலை கரையோரத்தில் ஒரு வருடமும் நிலையாதது இதனாலேயே. ஆகவே நாம் பூட்டும் முறை இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

மின்னோட்டம் போகும் வழியும் மீளும் வழியும்

வாய்க்கால் நீர் பாத்தியைச் சேர்ந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடும். மின்னோட்டம் அவ்வாறன்று. பற்றரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, விளக்கினூடாகச் சென்று, மறுமுனைக்குத் திரும்பி வந்தாலன்றி விளக்கு எரியாது. போகும் வழிக்கு ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வயர் உண்டு. திரும்பும் வழி எல்லா விளக்குகளுக்கும் பொதுவானது. இப்பொதுவழியையே கராச்சுகளில் எர்த் என்று கூறுவர்.

உழவு இயந்திரத்தில் அதன் இரும்பு உடலே எர்த்தாகப் பயன்படுகின்றது. பெட்டியும் இரும்பாதலால், கொழுவும் ஊசியின் வழியாக மின்னோட்டம் தானே திரும்பிவிடும் என்று எண்ணிப் பலர் எர்த் வயரைப் பூட்டாது விடுகின்றனர். பெட்டிகளில் உண்டாகும் குறைகளுக்கெல்லாம் தலையாயது இதுவே. கொழுவும் ஊசியில் கிறீஸ் உண்டு, பெயின்ற் உண்டு, துரு உண்டு. பள்ளத்தில் பெட்டி துள்ளும்போது ஊசி ஒரு கணம் தொட்டு மறுகணம் விலகும். பட்டறையில் நிற்கையில் எரிந்த விளக்கு வீதியில் அணைவது இதனாலேயே.

ஒரு கணக்கினால் இதை விளக்குவோம். 21 வாற்று பிறேக் மின்குமிழ்கள் இரண்டும் 12 வோல்ற்றில் 3.5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். திரும்பும் வழியிலுள்ள துருவேறிய ஓர் இணைப்பு ஓர் ஓம் தடையைத் தருமாயின், மின்குமிழுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 9 வோல்ற்றே. மின்னழுத்தம் காற்பங்கு குறைந்தால் ஒளியும் காற்பங்கே குறையும் என்று எண்ணற்க. இழை மின்குமிழின் ஒளி அதனிலும் மிக வேகமாகக் குறையும். இந்நிலையில் பாதி ஒளியும் கிடையாது. விளக்கு எரிகின்றது என்று நாம் நினைப்போம். பின்னால் வருபவனுக்கோ அது தெரியாது.

ஆகவே இப்பிரசுரத்திலிருந்து ஒன்றை மாத்திரமே நினைவில் வைக்க விரும்புவோர் இதனை நினைவில் வைக்குக: பெட்டிக்குத் தனியான எர்த் வயர் வேண்டும், அது மற்ற வயர்களிலும் தடித்ததாயிருத்தல் வேண்டும், அதன் முனைகள் உப்புக்காற்றுப் படாது மூடப்பட்டிருத்தல் வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

நாற்சக்கர உழவு இயந்திரம் ஒன்றுக்கும் அதன் பெட்டிக்கும் பின்வருவன போதுமானவை.

ஏழு ஊசிச் சொக்கற் ஒன்று. அதற்குப் பொருந்தும் பிளக் ஒன்று. சொக்கற்றுக்கு மூடி இருத்தல் அவசியம்.

ஏழு வயர்களைக் கொண்ட வாகனக் கேபிள். எர்த் வயர் 2.5 சதுர மில்லிமீற்றரும் மற்றவை 1.5 சதுர மில்லிமீற்றரும் உடையதாயிருத்தல் நன்று. ஈயமுலாம் பூசிய செம்பு வயர் கிடைக்குமாயின் அதையே வாங்குக. உப்புக்காற்றில் அது நெடுநாள் உழைக்கும். வீட்டு மின்சாரத்துக்குரிய ஒற்றைக் கம்பி வயரைப் பயன்படுத்தலாகாது. வாகனத்தின் அதிர்வினால் அது முறிந்துவிடும்.

பின்விளக்குத் தொகுதி இரண்டு. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பின்விளக்கும், பிறேக் விளக்கும், செம்மஞ்சட் சிக்னல் விளக்கும் இருக்கும்.

சிவப்பு ஒளிதெறிப்பான்கள் இரண்டு, அமுக்கிப் பொருத்தும் வயர் இணைப்பான்கள், உள்ளே பசையுடன் சூட்டிற் சுருங்கும் குழாய், வயரைச் செலுத்துவதற்குப் பிளாஸ்ரிக் குழாய், அரத்தாள், வசிலீன் சிறிது, இரண்டு வயர்கள் பொருத்திய 12 வோல்ற்றுச் சோதனை விளக்கு ஒன்று.

இவற்றுக்காகும் செலவை உழவு இயந்திரத்தின் பெரிய ரயர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போர், இது எவ்வளவு சிறியதென்பதை உணர்வர்.

ஏழு ஊசிகளின் ஒழுங்கு

எந்த இயந்திரமும் எந்தப் பெட்டியையும் இழுக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் சர்வதேச நியமங்கள் அமைப்பு தனது 1724ஆம் இலக்க நியமத்தில் ஏழு ஊசிகளுக்கும் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளது. சொக்கற்றினுள்ளே ஒவ்வொரு முனையருகிலும் அதன் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும்.

1ஆம் ஊசி: இடப்பக்கச் சிக்னல் விளக்கு. மஞ்சள் வயர்.
2ஆம் ஊசி: பின்புற மூடுபனி விளக்கு. நீல வயர். நமது கரையோரத்தில் இது பெரிதும் வேண்டப்படுவதில்லை, வெறுமையாக விடலாம்.
3ஆம் ஊசி: எர்த். வெள்ளை வயர்.
4ஆம் ஊசி: வலப்பக்கச் சிக்னல் விளக்கு. பச்சை வயர்.
5ஆம் ஊசி: வலப்பக்கப் பின்விளக்கு. கபில நிற வயர்.
6ஆம் ஊசி: பிறேக் விளக்குகள் இரண்டும். சிவப்பு வயர்.
7ஆம் ஊசி: இடப்பக்கப் பின்விளக்கு. கறுப்பு வயர்.

கடையிற் கிடைக்கும் கேபிள்களிலும், உழவு இயந்திரத்தின் சொந்த வயர்களிலும் நிறங்கள் வேறுபடலாம். ஆகவே நிறத்தை நம்பாது இலக்கத்தை நம்புக. அயலவரின் பெட்டியை இரவல் வாங்குவதும், நம் பெட்டியை அவருக்குக் கொடுப்பதும் கமக்காரர் வழக்கம். எல்லோரும் இந்த ஒரே ஒழுங்கைக் கைக்கொள்வராயின் யாருடைய இயந்திரமும் யாருடைய பெட்டிக்கும் பொருந்தும்.

நான்கு வயர்களை மாத்திரம் கொண்ட சில தொகுதிகளும் விற்பனைக்கு வருகின்றன. இவை அமெரிக்க முறையைச் சார்ந்தவை. அங்கு பிறேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே சிவப்பு விளக்கைப் பயன்படுத்தும் வழக்கமுண்டு. சிக்னலும் பிறேக்கும் வெவ்வேறு விளக்குகளாக உள்ள நம் வாகனங்களுக்கு அவை நேராகப் பொருந்தா. வாங்குமுன் இதனைக் கவனிக்குக.

பூட்டும் முறை

(1) முதலில் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிடுக. வேலை முடியும்வரை அதைப் பூட்டலாகாது. தவறி இரு வயர்கள் தொடுமாயின் வயர் சூடாகித் தீப்பற்றுதல் கூடும்.

(2) சொக்கற்றை உழவு இயந்திரத்தின் பின்புறத்தில், கொழுவும் இடத்துக்கு மேலே, சேறு தெறியாத உயரத்திற் பொருத்துக. மூடி மேலிருந்து கீழே விழுந்து மூடும்படியாக இருத்தல் வேண்டும். இயந்திரத்திற் சொக்கற் ஏற்கெனவே இருக்குமாயின், அதன் முனைகளை அரத்தாளினால் சுத்தஞ்செய்து பார்த்த பின்னரே அதைப் பயன்படுத்துக.

(3) இயந்திரத்தின் பின்விளக்குகளுக்கும், சிக்னல் விளக்குகளுக்கும் செல்லும் வயர்களைக் கண்டறிக. அவ்வயர்களிலிருந்து கிளைகளை எடுத்து உரிய ஊசிகளிற் பூட்டுக. வயரைச் சீவி முறுக்கி மேலே நாடா சுற்றும் வழக்கத்தைக் கைவிடுக. நாடாவின் அடியில் உப்புநீர் தங்கிச் செம்பைத் தின்றுவிடும். இணைப்பானை அமுக்கிப் பொருத்தி, அதன்மேல் சூட்டிற் சுருங்கும் குழாயைச் செலுத்திச் சூடாக்குக. உள்ளிருக்கும் பசை இளகி இரு முனையிலும் வெளிவருதல் வேண்டும். அதுவே நன்கு மூடியதற்கு அடையாளம். ஈயம் வைத்துப் பற்றவைப்பதாயின், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகி அதிர்வினால் முறியக்கூடுமாதலால், அவ்விடம் அசையாதபடி கட்டிவிடுக.

(4) பழைய இயந்திரங்கள் சிலவற்றில் பிறேக் விளக்குக்குரிய ஆளி இருப்பதில்லை. அவ்வாறாயின் 6ஆம் ஊசியின் வயரைப் பெட்டியில் இப்போதே பூட்டிவைத்து, பின்னர் வசதிப்படும்போது பிறேக் மிதியில் ஓர் ஆளியைப் பொருத்துக.

(5) இயந்திரத்திலிருந்து சொக்கற்றுக்குச் செல்லும் வயர்கள் உருகியினூடாகச் செல்வதை உறுதிப்படுத்துக. பின்விளக்கு, பிறேக், இரு சிக்னல் ஆகிய யாவும் ஒருங்கே எரிந்தாலும் பெட்டி எடுக்கும் மின்னோட்டம் 9 அம்பியருக்குட்பட்டதே. ஆகவே பற்றரியிலிருந்து தனி வயர் எடுப்பின், பற்றரியின் அருகிலேயே 10 அம்பியர் உருகி ஒன்றைப் பூட்டுக. உருகி அடிக்கடி உருகுமாயின் குறையைத் தேடுதல் வேண்டும். உருகிக்குப் பதிலாகக் கம்பியைச் செருகுதல் பெருந்தவறாகும்.

(6) சொக்கற்றின் 3ஆம் ஊசியிலிருந்து இயந்திரத்தின் உடலுக்கு எர்த் வயரைப் பூட்டுக. பூட்டும் இடத்திற் பெயின்ற்றையும் துருவையும் அரத்தாளினால் நீக்கி, இரும்பு பளிச்சிடும்படி செய்க. வளைய முனையை வாசருடனும் நட்டுடனும் இறுக்கி, அதன் மேலே வசிலீனைத் தடித்துப் பூசுக. பெட்டியிலும் எர்த் வயரை இரு விளக்குத் தொகுதிகள் வரை நேராகவே கொண்டுசெல்க. பெட்டியின் உடலை வயருக்குப் பதிலாகக் கொள்ளற்க.

(7) பெட்டியின் கேபிளைச் சட்டத்தின் உட்புறமாகப் பிளாஸ்ரிக் குழாயினுட் செலுத்துக. எலி கடியாமலும், உரம் படியாமலும், கல் அடியாமலும் குழாய் காக்கும். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு துளை இடுக. பெட்டி கவிழ்த்துக் கொட்டும் வகையாயின் பிணைச்சல் அருகே வயருக்குத் தளர்ச்சி விடுக.

(8) இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வயர் முழுத் திருப்பத்திலும் இழுபடாத நீளமும், நிலத்தில் உராயாத உயரமும் உடையதாயிருத்தல் வேண்டும். கொழுவிய பின் இயந்திரத்தை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தே நீளத்தை முடிவுசெய்க.

(9) விளக்குகளைப் பெட்டியின் இரு ஓரங்களுக்கு இயன்றவரை அண்மையிற் பொருத்துக. பெட்டியின் அகலம் பின்னால் வருபவனுக்கு அப்போதே விளங்கும். பின்கதவு கீழே தொங்கும்போது விளக்கை மறைக்கின்றதா என்பதைப் பார்க்குக. வைக்கோல் ஏற்றும்போது அது தொங்கி விளக்கை மூடுவதுண்டு. ஆகவே பாரம் ஏற்றிய பின்பும் ஒருமுறை பின்னால் நின்று பார்த்தல் வேண்டும்.

சோதித்தலும் குறையறிதலும்

பற்றரியை மீளப் பூட்டி, பிளக்கைச் செருகுமுன், சோதனை விளக்கின் ஒரு வயரை 3ஆம் ஊசியிலும் மறுவயரை மற்ற ஊசிகளிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்குக. உரிய ஆளியைப் போடும்போது உரிய ஊசியில் விளக்கு எரிதல் வேண்டும். 3ஆம் ஊசியையே ஆதாரமாகக் கொள்வதால் எர்த்தும் இதனோடு சோதிக்கப்பட்டுவிடும். பின்னர் பெட்டியைக் கொழுவி எல்லா விளக்குகளையும் ஒருங்கே எரியவிட்டுப் பார்க்குக.

நோயுற்ற பயிர் தன் குறியை இலையிற் காட்டுவது போல, குறையுற்ற வயரும் தன் குறியை விளக்கிற் காட்டும்.

ஒரு விளக்கு மாத்திரம் எரியாவிடின் மின்குமிழையோ அதன் தனி வயரையோ பார்க்குக.

ஒரு பக்கச் சிக்னல் போடும்போது பின்விளக்குகளும் சேர்ந்து மினுங்குமாயின், அல்லது பிறேக்கை மிதிக்கும்போது சிக்னல் விளக்குகள் மங்கலாக எரியுமாயின், எர்த் வயர் அறுந்துள்ளது என்பது பெரும்பாலும் நிச்சயம். திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் மற்ற மின்குமிழ்களினூடாக வழிதேடி அலைவதே இதற்குக் காரணம். இந்தக் குறியைக் கண்டவர் மின்குமிழ்களை மாற்றிப் பணத்தை வீணாக்காது எர்த்தையே முதலிற் பார்க்குக.

எல்லா விளக்குகளும் மங்கலாக எரியுமாயின் அதுவும் எர்த்தின் குறையே ஆகும். மல்ரிமீற்றர் உள்ளவர் விளக்குகள் எரிகையில் பெட்டியின் விளக்கு எர்த்துக்கும் பற்றரியின் எதிர்முனைக்குமிடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ற்றுக்கு மேற் காட்டுமாயின் இணைப்புகளைக் கழற்றிச் சுத்தஞ்செய்தல் வேண்டும்.

பெட்டியைக் கொழுவியதும் சிக்னலின் துடிப்பு வேகம் மாறுமாயின், இயந்திரத்தின் பிளாஷர் கூடுதலான மின்குமிழ்களுக்கு ஏற்றதன்று என்று அறிக. பெட்டியையும் சேர்த்துத் தாங்கும் பிளாஷரை வாங்கிப் பொருத்துக.

இருசக்கர உழவு இயந்திரம் உடையோருக்கு

லாண்ட்மாஸ்ரர் என்று நாம் பொதுவாக அழைக்கும் இருசக்கர இயந்திரங்கள் பலவற்றிற் பற்றரி கிடையாது. எஞ்சினோடு சுழலும் சிறு டைனமோவே முன்விளக்கை எரிக்கின்றது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒளி மங்கும். எஞ்சின் நின்றால் ஒளியும் நின்றுவிடும். இயந்திரம் பழுதாகி வீதியில் நிற்கும் வேளையே பின்விளக்கு மிகவும் வேண்டப்படும் வேளையாகும். ஆதலின் டைனமோவிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்தல் உசிதமன்று.

இதற்கு எளிய வழி, பெட்டிக்கே தனியான பற்றரி வைப்பதாகும். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி கொண்ட மூடிய பற்றரி ஒன்றைப் பெட்டியின் முன்புறத்தில் பிளாஸ்ரிக் பெட்டகத்தினுள் வைக்கலாம். எல்.ஈ.டி. பின்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 0.4 அம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பற்றரியின் கொள்ளளவிற் பாதியையே செலவிட்டாலும் எட்டு மணித்தியாலம் விளக்கு எரியும். ஓர் இரவுப் பயணத்துக்கு இது தாராளம். பற்றரியின் நேர்முனைக்கு அருகில் 2 அம்பியர் உருகியும், அதன்பின் ஓர் ஆளியும் பூட்டுக. 10 வாற்றுச் சூரியத் தகட்டையும் அதற்குரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தியையும் பொருத்தினால் பகல் வெயிலே பற்றரியை நிரப்பிவிடும். பற்றரியை முற்றாக வெறுமையாக விடுதல் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்ய இயலாதவர், ஒளிதெறிப்பான்களையும் சிவப்பு ஒளிதெறி நாடாவையும் இரு ஓரங்களிலும் ஒட்டுவதையாவது இன்றே செய்க. பின்வரும் வாகனத்தின் ஒளியிலேயே அவை தெரியும், மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயினும் புழுதி படிந்த ஒளிதெறிப்பான் ஒளியைத் தெறிக்காதாதலால் அதைத் துடைத்தல் வேண்டும். அது விளக்குக்குத் துணையேயன்றி விளக்குக்கு ஈடன்று.

காரிலோ வானிலோ பெட்டி இழுப்போருக்கு

கார், வான், டபுள் கப் ஆகியவற்றிற் சிறு பெட்டியைக் கொழுவிக் காய்கறி கொண்டுசெல்வோரும் உளர். ஏழு ஊசிகளின் ஒழுங்கும் எர்த்தின் முக்கியத்துவமும் அவற்றுக்கும் ஒன்றே. ஆனால் புதிய வாகனங்கள் பலவற்றில் விளக்குகளை ஒரு சிறு கணினி கண்காணிக்கின்றது. அவ்வயர்களிலிருந்து நேராகக் கிளை எடுத்தால் கணினி அதைப் பழுதென்று கொள்ளும். சிலவேளை அதுவே பழுதாகும். இவற்றுக்கு, பற்றரியிலிருந்து தனியே மின்னோட்டம் பெற்று, வாகனத்தின் விளக்கு வயரிலிருந்து சைகையை மாத்திரம் பெறும் இடைக்கருவி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த வாகன மின்வேலையாளரிடம் ஒப்படைப்பதே நன்று.

பேணும் முறை

வயரைப் பூட்டியதோடு வேலை முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. பாத்திக்குக் களை பிடுங்குவது போல இதற்கும் காலந்தோறும் கவனிப்பு வேண்டும்.

பெட்டியைக் கழற்றும்போது பிளக்கை நிலத்தில் விடாது, பெட்டியிலேயே ஒரு கொக்கியில், முனை கீழ்நோக்கும்படி தொங்கவிட்டு, ஒரு சிறு பையினால் மூடுக.

மாதமொருமுறை பிளக்கையும் சொக்கற்றையும் திறந்து, பச்சைக் களிம்பு காணப்படின் அரத்தாளினால் நீக்கி, வசிலீன் சிறிது பூசுக. காற்றுக்காலத்தில் இதனை இரு வாரத்துக்கொருமுறை செய்க.

உரம் ஏற்றிய பின் பெட்டியின் அடிப்புறத்தை நன்னீரினாற் கழுவுக. கிணற்றுநீர் உவர்ப்பாயின் மழைநீர் உசிதம்.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும், அதாவது காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன், எர்த் இணைப்புகளைக் கழற்றிச் சுத்தஞ்செய்து மீளப் பூட்டுக.

இரவிற் புறப்படுமுன் ஒருவர் ஆளிகளைப் போட, மற்றொருவர் பெட்டியின் பின்னே இருபது அடி தள்ளி நின்று ஒவ்வொரு விளக்கையும் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். வலப்பக்க விளக்கை முதலிற் பார்க்குக.

வீதியில் வாகனம் செலுத்துவோர் அனைவரும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளுக்கும் கட்டுப்பட்டவர்கள். ஆயினும் பொலிசாருக்கு அஞ்சியன்று, வீட்டில் நம்மை எதிர்பார்த்திருப்பவர்களை எண்ணியே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். பெட்டியின் மேல் மூடைகளோடு மூடையாக அமர்ந்து வருபவர்கள் நமது சகோதரரும் பிள்ளைகளும் கூலியாட்களுமேயாவர். பின்னால் வரும் லொறிச் சாரதிக்கும் ஒரு குடும்பம் உண்டு. பெட்டிகளில் ஆட்களை ஏற்றுவதை இயன்றவரை தவிர்க்குக. தவிர்க்க முடியாதபோது விளக்கின்றி வீதியில் இறங்கற்க.

ஒரு நாள் வேலையும் சிறிதளவு செலவுமே இதற்கு ஆகும். அறுவடைக்கு முன்னுள்ள ஓய்வு நாளொன்றில், அயலவர் இருவர் மூவர் சேர்ந்து, ஒரே முறையாகப் பொருட்களை வாங்கி, ஒருவர் பெட்டிக்கு மற்றவர் உதவியாக இவ்வேலையைச் செய்து முடிப்பாராயின் செலவும் குறையும். எல்லோருடைய பெட்டிகளும் ஒரே ஒழுங்கில் அமையும். அடுத்த வெங்காய அறுவடைக்கு முன் உங்கள் பெட்டியின் இரு பின்விளக்குகளும் எரிதல் வேண்டும்.